மனச்சிதைவுக்கும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் உண்டு: டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மனநோயும் ஒன்று. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) அதில்தான் வருகிறது. பெரும்பாலான சலுகைகளுக்குச் சான்றிதழில் பாதிப்பு குறைந்தது 40 சதவீதம் என்று வர வேண்டும். பல குடும்பங்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

காதில் குரல் கேட்கிறதா என்பதை வைத்து மட்டும் சதவீதம் போடுவதில்லை. 'ஐடியாஸ்' என்ற அளவுகோலில் நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள்: தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. சிரமம் கூடக்கூட மதிப்பெண்ணும் கூடும். நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்குத் தனி மதிப்பெண். எல்லாம் சேர்ந்து 7 வந்தால்தான் 40 சதவீதத்தைத் தொடும்.

டாக்டர் "எப்படி இருக்கான்?" என்று கேட்டதும், "மாத்திரை ஒழுங்கா போடுறான் சார், இப்ப பரவாயில்லை" என்று அம்மா சொல்லிவிடுவார். பிள்ளையை விட்டுக்கொடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆனால் நாலு தடவை சொன்னால்தான் குளிக்கிறான், பால் பாக்கெட் வாங்கக்கூடத் தனியாகப் போவதில்லை, எந்த வேலையிலும் ஒரு மாதம் தாண்டுவதில்லை என்பதெல்லாம் அந்த அறையில் சொல்ல வேண்டியவை. கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம். பழைய மருந்துச் சீட்டுகளைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். நோயின் காலத்துக்கு அவைதான் சாட்சி.

யுடிஐடி அட்டைக்கு, அதாவது மாற்றுத்திறனாளிக்கான அடையாள அட்டைக்கு, ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் மதிப்பீடு செய்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே கூசுகிறவர்கள் உண்டு. சான்றிதழுக்காகப் போனால் அட்மிட் செய்துவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம்.

அட்டையால் என்ன கிடைக்கும்? மத்திய அரசு வேலையில் மனநோய் உட்பட சில வகைகளுக்குச் சேர்த்து 1 சதவீத ஒதுக்கீடு உண்டு. பராமரிக்கும் குடும்பத்தாருக்குப் பழைய வருமான வரிமுறையில், வரிக்குரிய வருமானத்தில் 75,000 ரூபாய் கழிவு; 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000. சில வகை மாற்றுத்திறனாளிகளுக்கான 'நிராமயா' மருத்துவக் காப்பீடு மட்டும் மனச்சிதைவுக்குப் பொருந்தாது, அலைய வேண்டாம்.

என்னைக் கேட்டால், இவற்றையெல்லாம் விடப் பெரியது குடும்ப ஓய்வூதியம். அப்பாவோ அம்மாவோ ரயில்வே, தபால் போன்ற மத்திய அரசுப் பணியில் இருந்தவர் என்றால், மனநோயால் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு 25 வயதுக்குப் பிறகும் அது தொடரும். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே ஓய்வூதிய ஆணையில் பிள்ளையின் பெயரைச் சேர்த்து, பணத்தைப் பெற்றுக்கொடுக்க ஒரு நாமினியையும் எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு காப்பாளர் சான்று கேட்டு கோர்ட்டுக்கு நடக்க வேண்டியதில்லை.

கைக்கு வந்த சான்றிதழ் தற்காலிகமா, நிரந்தரமா என்று உடனே பாருங்கள். தற்காலிகம் என்றால், காலாவதி ஆகும் முன்பே மறுமதிப்பீட்டுக்குப் போய்விடுங்கள்.