குன்றின்மேல் ஒரு குன்றுக்குன்று

இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயரின் வடமேற்கு ஓரத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் குன்று தனியாக நிமிர்ந்து நிற்கிறது. உச்சியில் தேவாலயம், அடிவாரத்தில் சிற்றூர். ஊரின் பெயர் ‘பிரீடன் ஆன் த ஹில்’. பெயரைப் பிரித்துப் பார்த்தால் ‘குன்றின்மேல் குன்றுக்குன்று’ என்று வருகிறது!

‘பிரே’ என்பது வேல்ஸ் மொழியின் மூதாதையான பிரித்தோனிக் மொழியில் குன்று. இரும்புக்காலத்தில் இங்கே கோட்டை கட்டியவர்கள் பேசியது அந்த மொழியைத்தான். ரோமானியர் ஆட்சி முடிந்தபின் குடியேறிய ஆங்கிலேயர், உள்ளூர்க்காரர்கள் ‘பிரே’ என்றதைக் குன்றின் பெயர் என்றே எடுத்துக்கொண்டு, குன்றைக் குறிக்கும் தங்கள் சொல்லான ‘டூன்’ என்பதைப் பின்னால் ஒட்டினார்கள். அழுத்தம் முதல் அசையில் விழுந்ததால் ‘டூன்’ தேய்ந்து ‘டன்’ ஆனது. அதன் பொருளும் மறந்துபோன பிறகுதான் மூன்றாவதாக ‘ஹில்’ சேர்ந்தது. நாம் ‘நடு சென்டர்’ என்கிறோமே, அது வேறு. நமக்கு இரண்டு சொல்லுக்கும் பொருள் தெரியும். முந்தைய சொல்லின் பொருள் செத்தால்தான் ஊர்ப்பெயரில் இப்படி அடுக்கு விழும்.

இதெல்லாம் ஊகமில்லையா? இன்றைய எழுத்துக்கூட்டலை மட்டும் நம்பினால் ஊகம்தான். அதனால் ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் கிடைப்பதிலேயே பழைய வடிவத்தைத் தேடுவார்கள். பிரீடனுக்கு அது வாய்த்திருக்கிறது. 731-இல் கேன்டர்பரியின் பேராயரான டாட்வின், ‘பிரியுடூன்’ என்ற மடத்தில் பாதிரியாராக இருந்தவர் என்று அக்காலத்து வரலாற்றாசிரியரான பீட் எழுதிவைத்திருக்கிறார். இரண்டு சொற்களும் அதில் தேயாமல் நிற்கின்றன. இந்த டாட்வின் விடுகதை எழுதியவர் என்பது கூடுதல் சுவாரசியம். மடம் போய்விட்டது, அதன் சிற்பங்கள் தேவாலயச் சுவர்களில் இன்னும் இருக்கின்றன.

பழைய குடிகளை ஆங்கிலேயர் அடியோடு ஒழித்துவிட்டார்கள் என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். ஒழித்திருந்தால் ‘பிரே’ யார் வாயிலிருந்து வந்திருக்கும்? பேச்சு நடந்திருக்கிறது, ஆனால் ஆழமாக இல்லை. அதையும் இந்தப் பெயரே சொல்கிறது என்பேன்.

கோட்டையின் பெரும்பகுதியைக் கல்குவாரி தின்றுவிட்டது. மிச்சத்தில் 1946-இல் கேத்லீன் கென்யன் அகழாய்வு செய்தார். பின்னாளில் ஜெரிக்கோ அகழாய்வால் புகழ்பெற்றவர் அவர்.

லங்காஷயரின் பெண்டில் ஹில்லும் இதே மூன்றடுக்குதான்: பென், ஹில், மறுபடி ஹில். ஆறுகளும் தப்பவில்லை. இங்கிலாந்தில் ‘ஏவன்’ என்ற பெயரில் பல ஆறுகள் ஓடுகின்றன. பிரித்தோனிக்கில் அதற்கு ஆறு என்றே பொருள்.