ஹரிகேனில் வீடு பாதித்தால் ஃபீமா உதவி: எச்1பி குடும்பங்களும் கேட்கலாம்

2024 ஜூலை 8 அன்று பெரில் ஹரிகேன் டெக்சஸ் கரையைத் தொட்டது. ஒரு வாரம் கழித்து எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தம்பியின் வீட்டுக்குப் போனேன். கூரையில் மரம் விழுந்திருந்தது. மாடி அறைச் சுவர் முழுக்க ஊறிப்போய், டிரைவால் என்ற ஜிப்சம் சுவர்ப்பலகையை விரலால் அழுத்தினால் பிசைந்த மாவு மாதிரி உள்ளே போனது. “ஃபீமாவுக்கு எழுதிப் போட்டாச்சா?” என்று கேட்டேன். பேரிடரில் உதவும் அமெரிக்க அரசு அமைப்புதான் ஃபீமா. “நாங்க எச்1பி அண்ணா, நமக்கெல்லாம் தர மாட்டாங்க” என்றார். பக்கத்தில் நின்ற அவர் மகள் இங்கேயே பிறந்தவள், இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பெயரில் விண்ணப்பிக்கலாம் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

இப்படிக் கேட்காமலே விட்டுவிட்ட தமிழ்க் குடும்பங்களை ஹார்வி புயல் வந்த 2017 முதல் பார்த்து வருகிறேன். அதனால் யாருக்கு உரிமை என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஃபீமாவின் பண உதவி அமெரிக்கக் குடிமக்களுக்கும், கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும், அகதி அந்தஸ்து போன்ற சில வகையினருக்கும் உண்டு. வேலைக்கான எச்1பி, எல்1, படிப்புக்கான எஃப்1, எச்1பி குடும்பத்தாருக்கான எச்4 போன்ற தற்காலிக விசாக்காரர்கள் தங்கள் பெயரில் பெற முடியாது. கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்களும் அப்படித்தான். ஆனால் கணக்குப் பார்ப்பது வீட்டுக்கு ஒரு விண்ணப்பம் என்றுதான். அந்த வீட்டில் தகுதியுள்ள ஒரே ஒருவர் இருந்தால் போதும். மனைவிக்குக் கிரீன் கார்டு இருந்தால் அவர் விண்ணப்பிக்கலாம். பெரியவர்கள் யாருக்குமே தகுதி இல்லை, ஆனால் குடியுரிமை உள்ள, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை உங்களோடு அதே வீட்டில் வசிக்கிறது, அதற்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்கிறது என்றால், அந்தப் பிள்ளைக்காகப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். அப்படி விண்ணப்பிக்கும்போது பெற்றோரின் விசா நிலையை ஃபீமா கேட்பதில்லை.

இதில் ஒரு எச்சரிக்கை. படிவத்தில் ‘நான் குடிமகன் அல்லது தகுதி பெற்ற குடியேறியவன்’ என்று உறுதிமொழி தரும் இடம் ஒன்று வரும். எச்1பி-யில் இருப்பவர் அவசரத்தில் தன் பெயரிலேயே அதில் டிக் போட்டுவிடக் கூடாது. குடியுரிமை இருப்பதாகப் பொய் சொல்வது அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் மிகக் கடுமையான குற்றம், பின்னால் கிரீன் கார்டையே பறித்துவிடக் கூடியது. உறுதிமொழி பிள்ளையைப் பற்றியது என்பது பதிவிலேயே தெளிவாக இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் இணையத்தில் நிரப்பாமல் 1-800-621-3362 எண்ணில் கூப்பிட்டு, “என் குழந்தையின் சார்பில் விண்ணப்பிக்கிறேன்” என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அந்த எண்ணில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கவும் செய்யலாம்.

பிள்ளைகளும் இல்லை, தகுதியுள்ளவர் ஒருவரும் இல்லை என்ற வீட்டுக்கும் கதவு முழுக்க மூடிவிடவில்லை. முகாமில் தங்குமிடம், உணவு, தண்ணீர், மனநல ஆலோசனை, இலவசச் சட்ட ஆலோசனை ஆகியவை விசா பார்க்காமல் கிடைக்கும். 211 என்ற எண்ணை அழைத்தால் உங்கள் பகுதியில் என்ன இருக்கிறது என்று சொல்வார்கள்.

எந்தப் புயலுக்கு, எந்த வீட்டுக்கு

புயல் அடித்த எல்லா ஊருக்கும் பணம் வந்துவிடாது. மாநில ஆளுநர் கேட்டு, அதிபர் ‘பெரும் பேரிடர்’ என்று அறிவிக்க வேண்டும். அதிலும் தனிநபர் உதவி எந்தெந்தக் கவுன்ட்டிகளுக்கு (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) என்று தனிப் பட்டியல் வரும். முதல் பட்டியலில் உங்கள் கவுன்ட்டி இல்லையென்றால் விட்டுவிடாதீர்கள், பல நேரம் பிறகு சேர்ப்பார்கள்.

நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டுமே உதவி. முதலீட்டுக்காக வாங்கி வாடகைக்கு விட்ட வீட்டுக்குக் கிடையாது. நீங்களே வாடகைக்கு இருப்பவர் என்றால் சுவரும் கூரையும் உரிமையாளர் பாடு. ஆனால் நனைந்துபோன கட்டில், சோபா, உடைகள், கணினி, வேறு இடத்தில் தங்குவதற்கான வாடகை ஆகியவற்றுக்கு நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். வாடகைக்கு இருப்பவர்கள்தான் அதிகம் கேட்காமல் விடுகிறார்கள் என்பது நான் பார்த்தது.

முதலில் இன்சூரன்ஸ்

ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். அதனால் இன்சூரன்ஸ் இருந்தால் அங்கே கிளெய்ம் போட்டு, அவர்கள் தந்த தீர்வுக் கடிதத்தையோ மறுப்புக் கடிதத்தையோ ஃபீமாவுக்கு அனுப்ப வேண்டும். இதற்காக ஃபீமா விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டையும் ஒரே வாரத்தில் போட்டுவிடுங்கள், கடிதம் வந்ததும் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்தத் தண்ணீர் என்பதுதான் இங்கே பெரிய வழக்கு. காற்று கூரையைப் பிய்த்து அதன் வழியே மழை இறங்கினால் அது பொதுவாக வீட்டு இன்சூரன்ஸ். தரையிலிருந்து ஏறி வாசல் வழியே உள்ளே வந்தால் அது வெள்ளம், சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் அதைத் தொடாது. வெள்ளத்துக்குத் தனி பாலிசி வேண்டும். 1968-இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் வீட்டுக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளிருக்கும் பொருட்களுக்கு 1,00,000 டாலர். எடுத்த நாளிலிருந்து 30 நாள் கழித்தே பொதுவாக அமலுக்கு வரும் என்பதால், புயல் கடலில் உருவான பிறகு ஓடிப்போய் வாங்கிப் பயனில்லை. டெக்சஸ் கடலோரத்தின் 14 கவுன்ட்டிகளில் காற்றுச் சேதத்துக்கே தனி பாலிசி வைத்திருப்பவர்கள் உண்டு. ஆக, சிலருக்கு ஒரே புயலுக்கு மூன்று கிளெய்ம்கள் போட வேண்டியிருக்கும்.

அப்புறம் டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் தருவதற்கு முன் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை. ஹரிகேனுக்கு இது பல பாலிசிகளில் சதவீதக் கணக்கு, அதுவும் சேதத் தொகையில் அல்ல, வீட்டின் காப்பீட்டுத் தொகையில். 4,00,000 டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டில் 2 சதவீதம் என்றால் முதல் 8,000 டாலர் உங்கள் கையிலிருந்துதான். நான் சொன்ன அந்தத் தம்பி ஆயிரம் டாலர்தான் டிடக்டிபிள் என்று நம்பிக்கொண்டிருந்தார். பாலிசியை எடுத்து உட்கார்ந்து படித்தபோதுதான் காற்றுக்கு வேறு கணக்கு என்று தெரிந்தது. அன்று அவர் முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை. உங்கள் பாலிசியின் முதல் பக்கத்தை இன்றைக்கே ஒருமுறை பாருங்கள்.

இன்சூரன்ஸ் தந்தது போதாமல், வீடு வாழத் தகுதியற்ற நிலையில் நின்றால் ஃபீமா அந்தப் பற்றாக்குறையைப் பார்க்கும். 2024 மார்ச்சில் வந்த விதி மாற்றம் இதை முன்பைவிடத் தளர்த்தியிருக்கிறது.

எவ்வளவு வரும்

வீட்டு உதவிக்கு ஒரு உச்சவரம்பு, மற்றத் தேவைகளுக்குத் தனியாக அதே அளவு இன்னொரு உச்சவரம்பு. பெரில் புயலுக்கு இது தலா 42,500 டாலர். 2024 அக்டோபர் 1 முதல் ஓராண்டில் அறிவிக்கப்பட்டவற்றுக்கு, மில்டன் புயல் உட்பட, தலா 43,600 டாலர். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் விலைவாசிக்கு ஏற்ப மாற்றுவார்கள். இதைப் பார்த்து மனக்கணக்குப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலோருக்கு வருவது இதைவிட மிகக் குறைவு. புயலுக்கு முன் இருந்த நிலைக்கு வீட்டைக் கொண்டுவருவது ஃபீமாவின் வேலை அல்ல; பாதுகாப்பாகக் குடியிருக்கும்படி ஆக்குவதுதான். கிரானைட் மேடை போனால் கிரானைட் வராது.

இதைத் தவிர உணவு, தண்ணீர், மருந்து, குழந்தைக்கான பொருட்கள் போன்ற உடனடித் தேவைக்கென ஒரு வீட்டுக்கு ஒருமுறை தரும் தொகை உண்டு. பெரிலின்போது 750 டாலர், பிறகு 770. வீட்டில் இருக்க முடியாதவர்களுக்கு உடனடியாகத் தங்குவதற்கான தொகை வேறு. இவையெல்லாம் கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம், வருமான வரியும் இல்லை. எந்தக் காரணத்துக்குத் தந்தார்களோ அதற்கே செலவழித்து, ரசீதுகளை மூன்று ஆண்டு பத்திரமாக வைத்திருங்கள்.

வெள்ள அபாயப் பகுதியில் இருந்துகொண்டு வெள்ளச் சேதத்துக்கு உதவி பெற்றால், அதன் பிறகு வெள்ளக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வரும். அதை விட்டுவிட்டால் அடுத்த வெள்ளத்தில் வீட்டு உதவி கிடைக்காமல் போகலாம்.

சுத்தம் செய்வதற்கு முன்

ஈரத்தில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். ஆய்வாளர் வரட்டும் என்று நனைந்த கார்ப்பெட்டோடு காத்திருக்காதீர்கள், யாரும் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் எடுத்துப் போடுவதற்கு முன் படம் எடுங்கள். அறையின் நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொன்று, பிறகு கிட்டப் போய். சுவரில் தண்ணீர் நின்ற கோடு பழுப்பாகத் தெரியும். அதன் பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்து, எண் தெரியும்படி ஒரு படம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினின் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்கும் ஒட்டுத்தாளை ஒரு படம். கார்ப்பெட்டிலிருந்து உள்ளங்கை அளவு துண்டு வெட்டி, அறையின் பெயர் எழுதி ஒரு பையில் போட்டு வைத்தால் இன்சூரன்ஸ் ஆள் வரும்போது அது பேசும்.

கூரை பிய்ந்திருந்தால் உடனே மூட வேண்டும். மூடாமல் விட்டதால் கூடிய சேதத்தை இன்சூரன்ஸ் மறுக்கலாம். தார்ப்பாய் வாங்கிய ரசீதையும் வைத்திருங்கள். சில பேரிடர்களில் மாநிலம் கேட்டுக்கொண்டால் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை ‘புளூ ரூஃப்’ என்ற பெயரில் கூரையை இலவசமாக நீலத் தாளால் மூடித் தருகிறது.

ஃபீமா ஆய்வாளர் வந்தால் படத்துடன் கூடிய அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் 9 இலக்க விண்ணப்ப எண் அவரிடம் ஏற்கெனவே இருக்கும். அவர் பணம் கேட்க மாட்டார். விண்ணப்பத்துக்கும் ஆய்வுக்கும் கட்டணமே கிடையாது, கேட்டால் ஏமாற்று. பாட்டி தங்கியிருந்த அறை, கராஜில் நின்ற வாட்டர் ஹீட்டர் என்று எல்லாவற்றையும் நீங்களே கூட்டிப்போய்க் காட்டுங்கள். நம்மவர்கள் வந்தவருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று பாதியைச் சொல்லாமல் விடுவார்கள். அவர் பார்த்து எழுதியதை வைத்துத்தான் முடிவு.

மிச்சத்துக்கு என்ன வழி

எஸ்பிஏ என்ற சிறுதொழில் அமைப்பு, பெயர் அப்படி இருந்தாலும், சாதாரண வீட்டுக்காரர்களுக்கும் பேரிடர் கடன் தருகிறது. வீட்டைப் பழுதுபார்க்க 5,00,000 டாலர் வரை, பொருட்களுக்கு 1,00,000 டாலர் வரை; வாடகைக்கு இருப்பவர்களும் பொருட்களுக்குக் கேட்கலாம். இது கடன், கட்டித்தான் ஆக வேண்டும் என்பதால் யோசித்து எடுங்கள்.

வீட்டுக் கடன் தவணை கட்ட முடியாமல் போகும் என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே கடன் நிறுவனத்தைக் கூப்பிட்டுச் சில மாத அவகாசம் கேளுங்கள். இன்சூரன்ஸ் காசோலை உங்கள் பெயரோடு அவர்கள் பெயரும் சேர்ந்தே வரும் என்பதால் எப்படியும் அவர்களோடு பேச வேண்டியிருக்கும். எதிலும் ஈடாகாத சேதத்தை வரியில் கழிக்க முடியுமா என்று உங்கள் வரி ஆலோசகரிடம் கேளுங்கள். 4684 என்ற படிவம் அதற்கானது.

வெள்ள அபாயப் பகுதியில் இருப்பவர்கள் பழுதுபார்க்கத் தொடங்குமுன் நகராட்சி அல்லது கவுன்ட்டியில் அனுமதி வாங்க வேண்டும். செலவு, சேதத்துக்கு முந்தைய வீட்டு மதிப்பில் 50 சதவீதத்தைத் தொட்டுவிட்டால், இன்றைய விதிப்படி வீட்டை உயர்த்திக் கட்டச் சொல்வார்கள். வெள்ளக் காப்பீடு இருந்தால் அதற்கென 30,000 டாலர் வரை கூடுதலாகக் கேட்க முடியும். பலருக்கு இது தெரியாமலே போகிறது.

தகுதி இல்லை என்று கடிதம் வந்தால்

விண்ணப்பிக்க வழக்கமாகப் பேரிடர் அறிவித்த நாளிலிருந்து 60 நாள். அடிக்கடி நீட்டிப்பார்கள், நம்பி இருக்க வேண்டாம். கெடு முடிந்தாலும் அடுத்த 60 நாளுக்குள் காரணத்தைச் சொல்லி விண்ணப்பிக்கலாம். காரணத்துக்கு ஆதாரக் காகிதம் கேட்பதை 2024-இல் நிறுத்திவிட்டார்கள்.

பிறகு ஒரு கடிதம் வரும். அந்தத் தம்பிக்கு வந்ததும் ‘தகுதி இல்லை’ என்ற கடிதம்தான். அவர் மனைவி அதைப் படித்துவிட்டு, “நான்தான் சொன்னேனே” என்று மடித்து மேசையில் வைத்துவிட்டார். வாங்கி இரண்டாம் பக்கத்தைப் பார்த்தால், இன்சூரன்ஸ் தீர்வுக் கடிதம் இன்னும் வரவில்லை என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். முதல் வரியை மட்டும் படித்துவிட்டு வைத்துவிடாதீர்கள். குடியிருந்ததற்கான சான்று இல்லை, உரிமைப் பத்திரம் இல்லை, கையெழுத்து விட்டுப்போனது என்று பெரும்பாலும் காகிதக் குறைதான் காரணமாக இருக்கும். குடியிருந்ததற்கு மின்கட்டண ரசீது, உரிமைக்கு வீட்டுக் கடன் அறிக்கை அல்லது சொத்துவரி ரசீது போதும்.

கடிதத்தில் இருக்கும் தேதியிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தந்த தொகை போதாது என்பதற்கும் செய்யலாம். ஒப்பந்தக்காரரின் மதிப்பீடு, படங்கள், ரசீதுகளைச் சேர்த்து, எது விட்டுப்போனது என்று ஒரு பக்கத்தில் நேரடியாக எழுதுங்கள். இணையக் கணக்கில் ஏற்றலாம், அஞ்சலில் அனுப்பலாம், பேரிடர் மீட்பு மையத்தில் நேரில் கொடுக்கலாம். எந்த வழியாக அனுப்பினாலும் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் 9 இலக்க விண்ணப்ப எண்ணையும் பேரிடர் எண்ணையும் எழுதுங்கள். பக்கங்கள் பிரிந்துபோனாலும் உங்கள் கோப்பில் போய்ச் சேரும்.