கச்சான் காற்றும் மண்பானையும்

வைகாசி முதல் ஆவணி வரை மட்டக்களப்பு, அம்பாறைச் சமவெளிகளில் வீசும் கச்சான் காற்று, தன் ஈரத்தை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையாகப் பொழிந்துவிட்டு, கிழக்கே இறங்கும்போது வறண்டு சூடேறி வருகிறது. உடலை வாட்டும் அந்த நாட்களில்தான் மண்பானைத் தண்ணீர் மிக நன்றாகக் குளிர்கிறது. மார்கழியில் வாடைக்காற்றோடு மழை பெய்யும்போது அதே பானை ஏறத்தாழ எந்தப் பயனும் தருவதில்லை.

திறந்த சூளையில் 600 முதல் 900 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் சுடப்படும் களிமண் இறுகுகிறதே தவிரக் கண்ணாடிபோல் உருகி அடைபடுவதில்லை. ஆகவே சுவரில் நுண்துளைகள் எஞ்சுகின்றன. அவற்றின் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகும்போது, ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பத்தைப் பெருமளவு பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வராது எனக் கொண்டால், 10 லீற்றர் நீரிலிருந்து வெறும் 100 கிராம் ஆவியானாலே எஞ்சிய நீர் ஏறத்தாழ 6 பாகை குளிர வேண்டும். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையைக் காற்றின் ஈரப்பதன் தீர்மானிக்கிறது. காற்று 34 பாகை வெப்பமும் 45 வீத ஈரப்பதனும் கொண்டிருந்தால் நீர் சுமார் 25 பாகை வரை இறங்க இடமுண்டு. 28 பாகை வெப்பமும் 90 வீத ஈரப்பதனும் இருந்தால் ஒன்றிரண்டு பாகைக்கு மேல் இறங்காது. இந்த வேறுபாட்டை வெப்பமானி இல்லாமலே உணர்ந்து, பானையை நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில், ஈரமணல்மேல் வைத்தவர்களின் அறிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

இவ்வகை அறிவை உயிருள்ள சமூகத்தில் நேரே கண்டு பதிந்து, அதன் துணையால் பழைய எச்சங்களைப் படிக்கும் துறையே இனத்தொல்லியல். பிலிப்பைன்ஸில் கலிங்கா மக்களிடையே வில்லியம் லாங்ஏக்கர் 1973இல் தொடங்கிய ஆய்வு இதற்கு நல்ல முன்மாதிரி. எந்தப் பானை எத்தனை ஆண்டு உழைக்கிறது, சோற்றுப் பானையிலும் கறிப் பானையிலும் கரி எங்கெங்கே படிகிறது என்பன வீடுவீடாகப் பதியப்பட்டன. பெருங்கற்கால ஈமக் கல்லறைகள் அறியப்பட்ட கதிரவெளியைக் கொண்ட நம் மட்டக்களப்பு மாவட்டத்திலும் அத்தகைய பதிவு பெறுமதியானதாக இருக்கும். அப்பண்பாட்டுக்குரிய கறுப்பு–சிவப்பு மட்பாண்டங்களில் உட்புறமும் விளிம்பும் கறுத்து, வெளிப்புறம் சிவந்திருப்பதற்கு, அவற்றைக் கவிழ்த்து அடுக்கிச் சுட்டதைப் பரவலான காரணமாகக் கூறுவர். ஒட்சிசன் எட்டாத இடம் கறுத்தது, எட்டிய இடம் சிவந்தது. சூளையருகே நிற்பவருக்கு இது உடனே விளங்கிவிடும்.

எருமைத் தயிர்ச் சட்டியிலும் இதே நுண்துளைகள்தாம் வேலை செய்கின்றன. எருமைப் பாலில் கொழுப்பு சுமார் 7 வீதம், புரதமும் பசுப்பாலைவிட அதிகம். பற்றீரியாக்கள் உண்டாக்கும் அமிலத்தால் அந்தப் புரதம் உறைய, மேலதிக நீரைச் சட்டியின் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே தயிர் கட்டியாகிறது. பிளாஸ்டிக் கோப்பை இதைச் செய்யாது.

எனினும் மண்ணாலானது என்பதனாலேயே ஒரு பொருள் சூழலுக்கு நல்லதாகிவிடாது. சூளைக்கு விறகு வேண்டும், களிமண்ணுக்குக் குளக்கரையோ வயலோரமோ தோண்டப்பட வேண்டும். ஒரே ஒரு தடவை தயிர் உண்டுவிட்டுச் சட்டியை எறியும் இன்றைய வழக்கத்தில் அந்த விறகு முழுவதும் ஒரு வேளை உணவுக்காக எரிந்ததாகிறது. முன்பு உடைந்த சட்டியின் அடிப்பாகம்கூடக் கோழிக்குத் தண்ணீர் வைக்கவோ தணல் எடுத்துச் செல்லவோ பயன்பட்டது. மட்பாண்ட ஓடு கிடைத்த இடமும் பானை உடைந்த இடமும் ஒன்றென்று தொல்லியலாளர் எளிதில் முடிவுசெய்யக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

பொருளை மட்டும் மீட்டுச் சூழ்நிலையை விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதைத் தென் அமெரிக்காவின் டிட்டிக்காக்கா ஏரிக்கரை காட்டியது. நூற்றாண்டுகளாகக் கைவிடப்பட்டிருந்த மேட்டுப்பாத்தி வயல்களை 1980களில் கிளார்க் எரிக்சன் முதலிய தொல்லியலாளர்கள் உள்ளூர் விவசாயிகளுடன் மீளமைத்தனர். பாத்திகளுக்கிடையிலான வாய்க்கால் நீர் பகல் வெப்பத்தைத் தேக்கி இரவுப் பனியின் கேட்டைக் குறைத்தது, அதன் சேறு உரமாயிற்று, விளைச்சலும் நன்றாக இருந்தது. ஆயினும் வெளி உதவி நின்றபின் பல வயல்கள் மறுபடி கைவிடப்பட்டன. அவற்றைப் பேணத் தேவையான உழைப்பு முறையும் நில உரிமையும் வாழ்க்கையும் இதற்குள் மாறியிருந்தன.

பானைக்கும் இத்தகைய பேணல் உண்டு. கிணற்று நீரின் உப்புகள் ஆவியாகாமல் வெளிப்புறத்தில் வெண்படிவாகத் தங்கித் துளைகளை அடைப்பதால், நாளடைவில் குளிர்ச்சி குறைகிறது. அப்போது தென்னந்தும்பால் வெளிப்புறத்தைத் தேய்த்து, கழுவி, வெயிலில் காயவைக்க வேண்டும். அடியில் கரி இல்லாமல், வெளிப்புறத்தில் உப்புப் படிவும் தேய்ப்புக் கீறல்களும் கொண்ட பழைய ஓடொன்று அகழ்வில் கிடைத்தால், அது சமையல் பானையன்று, ஒரு வீட்டின் தண்ணீர்ப் பானையாக இருந்திருக்கலாம் என்று கருத இந்தத் தேய்ப்பைக் கண்டவருக்கு இடமுண்டு.