ஹெட் ஆபீஸ் மாத்தப் போறீங்களா? கன்சல்டன்டுக்கு காசு எங்கேருந்து வருதுன்னு மொதல்ல கேளுங்க

காரைக்குடில கமர்ஷியல் இடம் பாத்துக் கொடுக்கற வேலை பண்றேன்னு சொன்னா நெறைய பேரு கல்யாண மண்டபம், பழைய வீட்டை ஹோட்டலா மாத்தறது, இதுதானேன்னு கேக்கறாங்க. அதுவும் உண்டு, ஆனா இப்ப அதிகமா வர்றது வேற கேஸு. அப்பா காலத்துலேருந்து புதுவயல்லயோ தேவகோட்டையிலயோ ஓடிட்டிருக்கற கம்பெனி, அடுத்த தலைமுறை பொறுப்புக்கு வந்ததும் ஹெட் ஆபீஸை மதுரைக்கு, திருச்சிக்கு, சென்னைக்குக் கொண்டு போகணும்கறாங்க. இன்னும் கொஞ்சம் பேரு தலைகீழா, சென்னை வாடகை கட்டி முடியல, ஊர்ல அவ்வளவு பெரிய வீடு பூட்டிக் கெடக்கே அங்கேயே வந்துரலாமான்னு கேக்கறாங்க. ரெண்டு பேருமே வெளியேருந்து ஒரு ரியல் எஸ்டேட் கன்சல்டன்டை வச்சுக்கிட்டுதான் செய்யறாங்க, அது தப்பே இல்ல, கம்பெனிக்கு இது பத்துப் பதினஞ்சு வருஷத்துல ஒரு தடவ வர்ற வேலை, அதுக்குன்னு ஒரு ஆளை சம்பளத்துக்கு வைக்க முடியாது.

ஆனா அந்த ஆளுக்கு காசு யாரு கொடுக்கறான்னு கேக்காமயே வேலையை ஆரம்பிச்சுடறாங்க. போன வருஷம் ஒரு அண்ணன் எங்கிட்ட பெருமையா சொன்னாரு, "தம்பி, அவரு நமக்கு ஃபீஸே வாங்கலப்பா, எல்லாம் ஓனர்கிட்ட வாங்கிக்கறாராம்"னு. அண்ணே, அப்ப அவரு ஓனரோட ஆளுண்ணேன்னேன். ஒண்ணு ரெண்டு மாச வாடகைதான் வழக்கமா கமிஷன், வாடகை ஏற ஏற கமிஷனும் ஏறும், அப்புறம் உங்களுக்காக சதுர அடிக்கு அஞ்சு ரூபா கொறைக்கச் சொல்லி அவரு ஏன் மல்லுக்கட்டணும்? பெரிய இன்டர்நேஷனல் ஃபர்ம்களும் கட்டட ஓனர் பக்கமும் வேலை பாப்பாங்க, குடிபோற கம்பெனி பக்கமும் பாப்பாங்க, அதனால உங்க லிஸ்ட்ல வர்ற பில்டிங்ல எதெது அவங்களே ஓனருக்காக வாடகைக்கு விட்டுத் தர்றதுன்னு எழுத்துல வாங்கிருங்க. ஃபீஸை நீங்களே கொடுங்க, ஒரே தொகையா பேசுங்க, பாதியை இடம் முடிஞ்சப்பவும் மீதியைக் குடிபோயி எல்லாம் ஓடுதுன்னு தெரிஞ்சப்பவும் கொடுங்க. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் மூணு வருஷக் கணக்குக்கு ஏஜெண்ட் அனுப்பின ஊரு இது, கப்பல் ஏறறதுக்கு முன்னாடியே சம்பளம் என்ன, அதிகாரம் எதுவரைக்கும்னு பேசி முடிச்சுத்தான் அனுப்பினாங்க, நம்ம அதைக் கூட செய்யலைன்னா எப்படி.

ஃபீஸ் நீங்க கொடுத்தாலும் சில வேலையை அவர் தலையில கட்ட முடியாது. ஏன் மாத்தறோம்ங்கறது அதுல மொதலாவது. ஆள் கெடைக்கலையா, கஸ்டமர் அங்க இருக்காரா, இல்ல தம்பி பொண்டாட்டிக்கு சென்னைல இருக்கணுமா (சிரிக்காதீங்க, பாதி கேஸ் இதுதான்), உண்மையான காரணத்தை கன்சல்டன்டுகிட்ட சொல்லலைன்னா அவரு பளபளன்னு ஒரு பில்டிங்கைக் காட்டிட்டுப் போயிருவாரு. அப்புறம் யாரு கூட வருவா? அக்கவுண்ட்ஸ்ல இருபத்தஞ்சு வருஷமா இருக்கறவருக்கு கோட்டையூர்ல சொந்த வீடு, பொண்ணு பன்னண்டாவது படிக்கறா, அவரு வரமாட்டாரு, அதை அவர் வாயால சொல்லவும் மாட்டாரு, கடைசி மாசம் ரிசைன் லெட்டர்தான் வரும். யாரு வருவாங்க, யாருக்கு இங்கயே சின்ன ஆபீஸ் வேணும்னு கணக்கெடுத்த பெறகுதான் எத்தனை சதுர அடி வேணும்னே தெரியும். அதுவும் கார்பெட் ஏரியால (சுவத்துக்குள்ள நீங்க நெசமா பயன்படுத்தற எடம்) கேளுங்க, பொது எடத்தையும் சேத்து சூப்பர் பில்டப்ல சொன்னா லிஃப்ட்டுக்கும் மாடிப்படிக்கும் சேத்து நீங்கதான் வாடகை கட்டறீங்க.

இன்னொண்ணு, ஹெட் ஆபீஸ் போனா ரிஜிஸ்டர்டு ஆபீஸும் (கம்பெனிப் பதிவுல இருக்கற அட்ரஸ்) போகணும்னு கட்டாயம் இல்ல. 1937ல இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் காரைக்குடி, மெட்ராஸ், ரங்கூன்னு மூணு எடத்துலயும் ஒரே நேரத்துல தொறந்தாங்க, ரெண்டு மூணு எடத்துல ஆபீஸ் வைக்கறது நமக்குப் புதுசா என்ன. ரிஜிஸ்டர்டு ஆபீஸை ஊர்லயே வச்சுட்டு கார்ப்பரேட் ஆபீஸை மட்டும் மாத்தினா பேப்பர் வேலை பாதி கொறையும். அதையும் மாத்தறதா இருந்தா, ஊரு எல்லையைத் தாண்டினா ஸ்பெஷல் ரெசல்யூஷன் வேணும், மாத்தின 30 நாளைக்குள்ள ஐஎன்சி-22ங்கற ஃபாரம் போடணும், சென்னை ஆர்ஓசி (கம்பெனிப் பதிவாளர் ஆபீஸ்) எல்லைலேருந்து கோயமுத்தூர் ஆர்ஓசி எல்லைக்குப் போனா ரீஜனல் டைரக்டர் அனுமதியும் சேரும். ஜிஎஸ்டில முக்கிய இடத்தோட அட்ரஸ் மாறினா 15 நாள்தான் டைம். இதெல்லாம் உங்க சிஎஸ் (கம்பெனி செக்ரட்டரி), ஆடிட்டர் வேலை, கன்சல்டன்ட் "நாங்க பாத்துக்கறோம்"னு சொன்னாலும் விடாதீங்க.

இப்ப ஊரு வீட்டுக்கு வர்றவங்க விஷயம். இதுல ஆசை அதிகம், சிக்கலும் அதிகம். வீடு ஒருத்தர் பேர்ல இருக்காது, பங்காளிங்க அஞ்சாறு புள்ளி (குடும்பம்), ஒருத்தர் கோலாலம்பூர், ஒருத்தர் சிங்கப்பூர், ஒரு ஆச்சி அமெரிக்கால மகன் வீட்ல. ஊர்ல இருக்கறவரு "நான் சொன்னா எல்லாரும் ஒத்துக்குவாங்க"ம்பாரு, நல்ல மனுஷன்தான், ஆனா லீஸ்ல கையெழுத்துப் போட அது போதாது. வெளிநாட்டுல இருக்கறவங்க இங்க ஒருத்தருக்குக் கையெழுத்துப் போட அதிகாரம் கொடுத்து அங்க எழுதின பவர் பத்திரம் இங்க வந்து சேந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டணும், அது தாண்டிப் போயிடுச்சுன்னா சிக்கல்தான். ஒரு வருஷத்துக்கு மேல லீஸ்னா ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணும், அதுக்குப் பயந்துதான் எல்லாரும் 11 மாசம் போடறாங்க, வாடகை வீட்டுக்கு அது சரி, லட்சக்கணக்குல வயரிங், ஏசி, நெட்வொர்க்னு கொட்டின ஆபீஸுக்கு 11 மாசப் பேப்பரை நம்பி எப்படி தூங்குவீங்க? பழைய சுண்ணாம்புப் பூச்சு சுவத்துல ஏசி பைப்புக்கு டிரில் போட்டா பொலபொலன்னு உதிரும், எங்க ஓட்டை போடலாம், போகும்போது எதைப் பழையபடி ஆக்கித் தரணும்னு லீஸ்லயே எழுதுங்க. வளவுல (வீட்டு நடு முற்றம்) மழை நேரா விழும், சர்வர் ரூமை பட்டகசாலை (முற்றத்தை ஒட்டின கூடம்) ஓரத்துல வைக்கச் சொன்ன ஒரு இன்ஜினியரை நான் பாத்திருக்கேன், அவரு ஐப்பசி மழையைப் பாத்ததில்ல போல.

வாடகைக்கு 18% ஜிஎஸ்டியை நெறைய பேரு கணக்குலயே சேக்கறதில்ல. ஓனர் ஜிஎஸ்டி ரிஜிஸ்டர் பண்ணாதவரா இருந்தா வரியே கெடையாதுன்னு நினைக்கறாங்க, 2024 அக்டோபர் 10லேருந்து அப்படி இல்ல, வாடகைக்கு எடுக்கற கம்பெனி ரிஜிஸ்டர் ஆயிருந்தா ரிவர்ஸ் சார்ஜ்னு ஓனருக்குப் பதிலா அதுவே கட்டணும். மத்த கம்பெனிங்க அதை கிரெடிட்டா எடுத்து, தாங்க கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சுக்கலாம், ரைஸ் மில்லுக்காரங்களுக்குத்தான் அடி, 25 கிலோவுக்கு மேல மூட்டையா விக்கற அரிசிக்கு வரி இல்லாததால அந்தப் பங்குக்கு கிரெடிட்டும் இல்ல, கட்டின 18% அப்படியே செலவு. நூறு ரூபா வாடகை உங்களுக்கு 118. ரெண்டு பில்டிங்கை ஒப்பிட்டுக் காட்டச் சொல்லும்போது இதோட மெயின்டனன்ஸ், வாடகை ஏத்தம் (மூணு வருஷத்துக்கு ஒரு தடவ 15% வழக்கம்), டெபாசிட், வீட்டு மீட்டரைக் கமர்ஷியலா மாத்தினா வர்ற கரண்ட் பில்லு எல்லாத்தையும் அஞ்சு வருஷத்துக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்க.

நாள் பாக்கற விஷயத்தையும் கன்சல்டன்டுகிட்ட மொதல் மீட்டிங்லயே சொல்லிருங்க, வெளியூர்க்காரருக்குத் தோணாது. ஃபிட்அவுட்டுக்கு (உள்ள வயரிங், ஏசி மாதிரி வேலை பண்ண) ஓனர் ரெண்டு மாசம் வாடகை இல்லாமத் தர்றாரு, அது ஆனி கடைசில முடியுது, பெரியவங்க ஆடில பால் காச்ச மாட்டேன்கறாங்க, ஆவணி வரைக்கும் சும்மா பூட்டின ஆபீஸுக்கு வாடகை, அந்தப் பக்கம் பழைய ஆபீஸுக்கும் வாடகை. மார்கழிக்கும் இதே கதைதான். வாடகை ஆரம்பிக்கற தேதியை காலண்டரைப் பாத்து பேசினா இந்தக் காசு மிச்சம்.

பழைய ஆபீஸ் லீஸ் எப்ப முடியுது, நோட்டீஸ் எத்தனை மாசம், லாக்-இன் (நடுவுல காலி பண்ண முடியாத காலம்) இருக்கான்னு பாத்து அந்தத் தேதிலேருந்து பின்னாடி எண்ணி ஒண்ணரை வருஷம் முன்னாடியே கன்சல்டன்டைக் கூப்பிடுங்க. மூணு மாசம் இருக்கும்போது வர்றவங்கதான் எங்கிட்ட அதிகம், அவங்களுக்குப் பேரம் பேச எதுவுமே இருக்காது, ஓனருக்கும் அது நல்லாவே தெரியும். காலி பண்ணும்போது ரூம் ரூமா போட்டோ எடுத்து, சாவி கொடுத்த தேதி போட்டு ஓனர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்குங்க, டெபாசிட் திரும்ப வர்றதுக்கு அந்த ஒரு பேப்பர் போதும்.