ஆபீஸ் சாட்டைச் சொந்த சர்வரில் வைக்கும் முன்

முப்பது பேர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் எத்தனை வாட்ஸ்அப் குரூப் இருக்கும்? டிஸ்பாட்ச் குரூப், அக்கவுன்ட்ஸ் குரூப், முதலாளி இருக்கும் குரூப், முதலாளி இல்லாத குரூப். கொட்டேஷன், பேங்க் விவரம், கஸ்டமர் நம்பர் எல்லாம் அதில்தான் ஓடும். வேலையை விட்டுப் போனவரை குரூப்பிலிருந்து நீக்கலாம். அவர் போனில் ஏற்கெனவே இறங்கியதை என்ன செய்வது? சர்வர் பராமரிப்பு என் தொழில். சாட் வேண்டும் என்று என்னிடம் வரும் விசாரணைகளில் பாதிக்கு மேல், இப்படி யாராவது ஒருவர் போன பிறகு வருபவைதான்.

“சார், ஸ்லாக் மாதிரி ஒண்ணு, ஃப்ரீயா, நம்ம சர்வர்லயே போட்டுக்கலாமாமே?” போடலாம். டாக்கர் (மென்பொருளைப் பொட்டலமாக நிறுவி ஓட்டும் கருவி) தெரிந்தவருக்கு அது ஒரு மதிய நேர வேலை. அந்த மதியத்தைப் பற்றி யூடியூபில் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. அதற்கப்புறம் வரும் வருடங்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

முதலில், இந்த ஆசை நியாயமானதுதான். அலுவலகச் சாட் சேவையான ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் ஒரு காலத்தில் கடைசி 10,000 செய்திகள் தெரிந்தன. 2022 செப்டம்பரில் அதை 90 நாள் என்று மாற்றினார்கள். 2024 ஆகஸ்டிலிருந்து ஓராண்டைத் தாண்டியவற்றை அழிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். அழிந்த பிறகு பணம் கட்டினாலும் அவை திரும்பாது. பணம் கட்டுபவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. பள்ளி மாணவர்களுக்கு கோடிங் கற்றுத்தரும் ஹேக் கிளப் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், வருடம் 5,000 டாலர் கட்டிவந்த தங்களிடம் ஸ்லாக் சுமார் 2 லட்சம் டாலர் கேட்பதாக 2025 செப்டம்பரில் வெளிப்படையாக எழுதியது. பதினோரு வருட உரையாடல் அதில் கிடந்தது. இணையம் முழுக்கச் சத்தம் எழுந்ததும் ஸ்லாக் இறங்கி வந்தது. நம் ஊரில் இருபது பேர் வேலை பார்க்கும் கம்பெனிக்காக யார் சத்தம் போடுவார்கள்?

ஸ்லாக் போலவே இருந்த ஹிப்சாட் என்ற சாட் சேவையின் விவகாரம் இன்னும் கவனிக்க வேண்டியது. அட்லாசியன் நிறுவனம் 2018 ஜூலையில் அதை நிறுத்தப்போவதாக அறிவித்து, அதன் உரிமைகளை ஸ்லாக்குக்கு விற்றது. 2019 பிப்ரவரியில் கிளவுட் சேவை மூடப்பட்டது. ஹிப்சாட்டைச் சொந்த சர்வரில் நிறுவியிருந்தவர்களும் தப்பவில்லை. லைசென்ஸ் காலம் முடிந்ததும் அவர்களும் வேறு இடம் தேட வேண்டியிருந்தது. மெஷின் அவர்கள் அறையில் இருந்தது, சோர்ஸ் கோட் அட்லாசியனிடம் இருந்தது. ஆகவே சொந்த சர்வர் மட்டும் போதாது, ஓப்பன் சோர்ஸும் (கோடு எல்லோருக்கும் திறந்திருப்பதும்) வேண்டும். (சோகோவின் கிளிக் நம்மூர்த் தயாரிப்பு, பல அலுவலகங்களுக்கு அதுவே தாராளம். ஆனால் அதுவும் அவர்கள் சர்வரில் ஓடும் சேவை, அதனால் இங்கே அதைச் சேர்க்கவில்லை.)

எந்தப் பதிப்பு?

ஓப்பன் சோர்ஸ் என்று முகப்பில் எழுதியிருந்தால் அத்தோடு நிம்மதியாகிவிடுகிறார்கள். அங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். மேட்டர்மோஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். ஸ்பின்பஞ்ச் என்ற கேம் நிறுவனம் ஒரு சாட் சேவைக்குச் சந்தா கட்டிவந்தது. சேவை கைமாறித் தரம் கெட்டது. சந்தாவை நிறுத்தினால் 26 ஜிபி பழைய செய்திகள் உள்ளே மாட்டிக்கொண்டன. அந்தக் கடுப்பில் தாங்களே ஒன்றை எழுதி 2015ல் வெளியிட்டார்கள், அதுதான் மேட்டர்மோஸ்ட்.

அதே மேட்டர்மோஸ்ட் 2025ல் 11ஆம் பதிப்பைக் கொண்டுவந்தபோது, இலவச டீம் எடிஷனிலிருந்து கிட்லேப் (கோடு சேமிக்கும் தளம்) கணக்கு வழியாக லாகின் செய்யும் வசதியை எடுத்துவிட்டது. என்ட்ரி என்று இன்னொரு இலவசப் பதிப்பையும் விட்டது. அதில் கடைசி 10,000 செய்திகளுக்கு முந்தையவை தெரியாது. செய்தி உங்கள் டிஸ்க்கில் இருக்கும், உங்கள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கும், ஆப்பில் மட்டும் தெரியாது. ஸ்லாக்கிலிருந்து எந்த எண்ணுக்குப் பயந்து ஓடிவந்தார்களோ அதே எண்.

அவர்களைத் திட்ட நான் வரவில்லை. சம்பளம் கொடுத்து மென்பொருள் எழுதுபவர்கள் எங்காவது காசு வாங்கித்தான் ஆக வேண்டும். எங்கே வாங்குகிறார்கள் என்பது நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வழக்கமாக அந்த இடம் லாகின். ஆட்கள் நூறைத் தாண்டும்போது எல்டாப் (ஊழியர் கணக்குகளின் மையப் பட்டியல்) அல்லது கூகுள் கணக்கோடு இணைக்காமல் நிர்வகிக்க முடியாது. பல தயாரிப்புகளில் அந்த வசதி கட்டணப் பதிப்பில்தான் உட்கார்ந்திருக்கும். நான் முதலில் திறப்பது வசதிப் பட்டியலை அல்ல, பதிப்புகளை ஒப்பிடும் பக்கத்தை. சூலிப் இதில் நேர்மையாக இருக்கிறது. 2012ல் தொடங்கி, 2014ல் டிராப்பாக்ஸ் வாங்கி, 2015ல் ஓப்பன் சோர்ஸாக வெளிவந்த சாட் மென்பொருள் அது. எல்டாப், சாம்ல் ஆகிய லாகின் வசதிகள் உட்பட மொத்தக் கோடும் அப்பாச்சி என்ற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸில் கிடைக்கிறது. அவர்கள் காசு வாங்கும் இடம் வேறு. அதற்கு வருகிறேன்.

ராக்கெட்.சாட் என்ற இன்னொரு சாட் மென்பொருளைப் போடுபவர்கள் அடியில் இருக்கும் மோங்கோடிபி என்ற டேட்டாபேஸையும் பார்க்க வேண்டும். 2018ல் அதன் லைசென்ஸ் மாறியது, இப்போது அது முறையான ஓப்பன் சோர்ஸ் இல்லை. அதன் 5.0 பதிப்பிலிருந்து ஏவிஎக்ஸ் என்ற கணக்கீட்டு வசதி இல்லாத பழைய பிராசஸரில் ஓடாது. ஆபீஸ் மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய மெஷினில் போட நினைப்பவர்கள் இந்த ஒரு வரியிலேயே நின்றுவிடுவார்கள்.

போனில் மணி அடிப்பது யார்?

சொந்த சர்வர் சாட் தோற்றுப்போவதை நான் பார்த்த இடங்களில் பெரும்பாலும் காரணம் சர்வர் இல்லை. “சார், நோட்டிஃபிகேஷன் வரல” என்ற ஒரு வாக்கியம்தான். இரண்டு நாள் வராவிட்டால் எல்லோரும் வாட்ஸ்அப்புக்கே திரும்பிவிடுவார்கள். அதன் பிறகு நீங்கள் வாடகை கட்டும் வி.பி.எஸ். (இணையத்தில் எடுத்த வாடகை சர்வர்) காலியாக ஓடிக்கொண்டிருக்கும்.

ஆண்ட்ராய்டு போனைத் தட்டி எழுப்ப கூகுளின் எஃப்.சி.எம். என்ற நோட்டிஃபிகேஷன் சேவை வழியாகவும், ஐபோனை எழுப்ப ஆப்பிளின் ஏ.பி.என்.எஸ். வழியாகவும் போக வேண்டும். அதற்கான சாவி ஆப்பை பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ வெளியிட்டவரிடம் மட்டும் இருக்கும். உங்கள் சர்வரால் நேராக அந்த ஆப்புக்குத் தகவல் அனுப்ப முடியாது. மென்பொருளைத் தயாரித்தவரின் கேட்வேக்கு (இடையில் நிற்கும் சர்வருக்கு) அனுப்ப வேண்டும், அவர் கூகுளுக்கோ ஆப்பிளுக்கோ தள்ளுவார். எல்லாம் நம் சர்வரில் இருக்கிறது என்று நினைத்தவர்கள் இங்கே வெளியாரின் கையை நம்பியிருக்கிறார்கள். காசு வாங்குவதற்கும் இதைவிட நல்ல இடம் கிடையாது. ராக்கெட்.சாட்டில் கேட்வேயைப் பயன்படுத்த சர்வரை அவர்களிடம் பதிவு செய்ய வேண்டும், இலவசப் பதிப்புக்கு மாத உச்சவரம்பும் உண்டு. மேட்டர்மோஸ்ட்டின் இலவச நோட்டிஃபிகேஷன் சேவையின் பெயரிலேயே சோதனைக்கானது என்று இருக்கிறது. எந்த உத்தரவாதமும் கிடையாது. சூலிப் 2023 டிசம்பரிலிருந்து, சொந்த சர்வரில் வைத்திருக்கும் நிறுவனங்களில் 10 பேர் வரைதான் போன் நோட்டிஃபிகேஷனை இலவசமாகத் தருகிறது. அதற்கு மேல் தலைக்கு மாதக் கட்டணம். லாப நோக்கமில்லாத பல அமைப்புகளுக்கும் ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கும் விலக்கு உண்டு.

ஆப்பை நாமே பில்ட் செய்து வெளியிட்டால் சாவி நம் கைக்கு வரும். ஆப்பிள் டெவலப்பர் கணக்குக்கு வருடம் 99 டாலர், ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் மறுபடி பில்ட், அதைத் தெரிந்த ஓர் ஆள். ஐம்பது பேர் கம்பெனிக்கு இது கட்டுப்படியாகாது. மேட்ரிக்ஸ் என்ற திறந்த சாட் முறைக்கான எலிமென்ட் ஆப்பை எஃப்-டிராய்டு என்ற ஓப்பன் சோர்ஸ் ஆப் ஸ்டோரிலிருந்து எடுத்து, என்டிஃபை என்ற நோட்டிஃபிகேஷன் மென்பொருளோடு இணைத்தால் ஆண்ட்ராய்டில் கூகுளைத் தவிர்க்கலாம். ஐபோனில் அந்தப் பேச்சே இல்லை.

இன்னொன்று. செய்தியின் வாசகமும் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் போகிறது. சம்பள விவரம், கஸ்டமர் தகவல் ஓடும் இடமென்றால், “புதிய செய்தி வந்திருக்கிறது” என்று மட்டும் காட்டும்படி செட்டிங்கை மாற்றிவிடுங்கள். மேட்டர்மோஸ்ட்டிலும் சூலிப்பிலும் அந்த வசதி உண்டு. ஷியோமி, விவோ, ஓப்போ போன்களில் பேட்டரி சேமிப்பு ஆப்பைத் தூங்க வைத்துவிடும்; அதையும் ஒவ்வொரு போனாக எடுத்து அணைத்துத் தர வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் வெற்றி தோல்வி இதில்தான் இருக்கிறது.

எது யாருக்கு?

சூலிப்பில் ஒவ்வொரு செய்தியும் சேனலுக்குள் ஒரு தலைப்பின் கீழ் போகும். “இன்வாய்ஸ் 412 ரிட்டர்ன்” என்று தலைப்பு வைத்துவிட்டால், மூன்று நாள் லீவில் போனவர் வந்து அதை மட்டும் படித்துக்கொள்ளலாம். சாப்ட்வேர் ஆட்களுக்கு இது பிடித்துப்போகும். வாட்ஸ்அப்பிலிருந்து வரும் சேல்ஸ் ஆட்களுக்கு, எதற்குத் தலைப்பு என்று முதல் வாரம் முழுக்கக் குழப்பம்தான். அவர்களுக்கு மேட்டர்மோஸ்ட், ராக்கெட்.சாட் முகம் சுலபம். ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற நிறுவன நிர்வாக மென்பொருள் ஏற்கெனவே ஓடும் இடமென்றால், அதே ஃபிராப்பே அடித்தளத்தில் எழுதப்பட்ட ரேவன் என்ற இந்தியத் தயாரிப்பைப் பார்க்கலாம். சேல்ஸ் ஆர்டரைச் சாட்டுக்குள்ளேயே இழுத்துக் காட்ட முடிகிறது.

தமிழில் டைப் செய்பவர்கள் தேடலைச் சோதிக்காமல் முடிவெடுக்காதீர்கள். சூலிப்பின் வழக்கமான தேடல் ஆங்கிலத்தை மனத்தில் வைத்தது. பிற மொழிகளுக்கு பிகுரூங்கா என்ற போஸ்ட்கிரெஸ் நீட்சியைத் தனியாக இயக்க வேண்டும். “கிடங்கு” என்று தேடினால் “கிடங்கில்”, “கிடங்குக்கு” எல்லாம் வருகிறதா என்று பாருங்கள். போஸ்ட்கிரெஸ் 12லிருந்து தமிழ்ச் சொல்லின் வேரைப் பிரிக்கும் வசதி உள்ளே இருக்கிறது, ஆனால் சாட் மென்பொருள் அதைப் பயன்படுத்தினால்தான் பலன். தமிழை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில் அடிப்பவர்களுக்கு எந்த மென்பொருளும் உதவாது.

சூலிப், மேட்டர்மோஸ்ட், ராக்கெட்.சாட், ரேவன் எல்லாவற்றிலும் டைரக்ட் மெசேஜ் வழக்கமாக டேட்டாபேஸில் அப்படியே படிக்கும் நிலையில் கிடக்கும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு வைத்திருப்பவர் நினைத்தால் படிக்கலாம். இதை ஊழியர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள் என்பேன். முதலாளிகள் சிலருக்கு இந்த அறிவுரை பிடிப்பதில்லை. உண்மையிலேயே ரகசியம் வேண்டுமென்றால், பேசுபவர்கள் மட்டுமே திறக்கும்படி செய்தியைப் பூட்டும் மேட்ரிக்ஸ் பக்கம் போக வேண்டும். பிரெஞ்சு அரசு தன் அலுவலர்களுக்கு 2019ல் கொண்டுவந்த ட்சாப் அதில்தான் ஓடுகிறது, ஜெர்மன் ராணுவத்தின் மெசஞ்சரும் அதில்தான். பூட்டு வலுவானது. அதனாலேயே ஒருவர் போனைத் தொலைத்து, மீட்புச் சாவியையும் எழுதி வைக்கவில்லை என்றால், அவருடைய பழைய செய்திகளை நிர்வாகியாலும் திறந்து தர முடியாது. ஐடி ஆள் இல்லாத நிறுவனத்தில் இதைப் போட நான் தயங்குவேன்.

பேக்கப் ஓடுகிறது என்றால்?

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் டைரக்டரியை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. பேக்கப்பைத் தேடிப் போனால், பிஜிடம்ப் என்ற பேக்கப் கருவி வெகுநாளாக ஓடவே இல்லை: சர்வரில் இருந்த போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுக்க முயன்ற கருவி 9.2. பதிப்பு பொருந்தாமல் ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் டிமார்க் என்ற அனுப்புநர் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யாரையும் சேரவில்லை. வேறொரு காரணத்துக்காகத் தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. அதையெல்லாம் தாங்களே வெளிப்படையாக எழுதினார்கள், அதற்கு மரியாதை. அத்தனை பொறியாளர்கள் இருக்கும் இடத்திலேயே அப்படி என்றால், கிரான் ஜாப் (நேரம் வைத்துத் தானாக ஓடும் வேலை) ஒன்றைப் போட்டுவிட்டு மறந்த இடத்தில் என்ன இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

சாட் சர்வரில் டேட்டாபேஸ் ஒரு பாதி, அப்லோட் செய்த ஃபைல்கள் இன்னொரு பாதி. இரண்டாவதை எடுக்க மறந்து, செய்திகள் இருக்கும், பிடிஎஃப் ஒன்றும் திறக்காது என்ற நிலையில் சிலர் வந்து நிற்கிறார்கள். கான்ஃபிக் ஃபைலும் அதில் இருக்கும் ரகசியச் சாவிகளும் சேர்ந்துதான் பேக்கப். அதை வேறொரு காலி மெஷினில் ரீஸ்டோர் செய்து, லாகின் செய்து, ஒரு பழைய ஃபைலைத் திறந்து பார்க்காதவரை நான் அதை பேக்கப் என்று கணக்கில் எடுப்பதில்லை.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. சர்வர் உங்களுடையது என்றால் பொறுப்பும் உங்களுடையது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவுப்படி, பாதுகாப்புச் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தகவல் தர வேண்டும், லாக்குகளை (சர்வரில் நடப்பதன் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளும் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். டாக்கர் லாக் தானாகச் சுழன்று அழியும்படி விட்டிருப்பவர்கள் அதை இன்றே பார்த்துவிடுவது நல்லது.

இதையெல்லாம் படித்துவிட்டு, பார்த்துக்கொள்ள ஆள் இல்லையே என்று தோன்றினால், பத்துப் பதினைந்து பேர் இருக்கும் அலுவலகத்துக்கு நான் சொல்வது வேறு. இப்போதைக்கு சொந்த சர்வர் வேண்டாம். ஒரே மென்பொருளை கிளவுடிலும் தந்து, சொந்த சர்வரிலும் போட அனுமதிக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சூலிப் கிளவுடின் இலவசத் திட்டத்திலும் 10,000 செய்தி வரம்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மொத்தத் தரவையும் எக்ஸ்போர்ட் செய்து, சொந்த சர்வரில் அப்படியே இறக்கிக்கொள்ள வழி இருக்கிறது. ஸ்லாக்கின் சாதாரணத் திட்டங்களில் எக்ஸ்போர்ட் என்றால் பொதுச் சேனல்கள் மட்டும்தான் வரும், அதிலும் ஃபைல்களுக்குப் பதில் அவற்றின் லிங்க்குகள்தான் இருக்கும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு எக்ஸ்போர்ட் எடுத்து, அதற்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பாருங்கள். சர்வரைக் கவனிக்க ஆள் கிடைக்கும்போது மாறிக்கொள்ளலாம்.