ஒரு அடுக்குக்கு ஒரு முறை

விற்பனை மென்பொருளிலிருந்து கணக்கு மென்பொருளுக்குப் போகும் விலைப்பட்டியலில் <பொருள்>ஊசி & நூல்</பொருள்> என்றொரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு அதில் குறை தெரியாது. ஆனால் இப்படிக் குறிச்சொற்களுக்கிடையே தகவலை எழுதும் எக்ஸ்எம்எல் வடிவத்தைப் படிக்கும் பார்சர் என்ற நிரல், & குறியைக் கண்டதும் அடுத்து ஒரு பெயரையோ எண்ணையோ எதிர்பார்க்கிறது; அங்கே இடைவெளி இருப்பதால் விலைப்பட்டியல் முழுவதையுமே நிராகரித்துவிடுகிறது. ஊகித்துத் திருத்திக்கொண்டு மேலே செல்ல, 1998 பிப்ரவரியில் வெளியான எக்ஸ்எம்எல் 1.0 விதி அதற்கு இடம் தரவில்லை. பணம் தொடர்பான செய்திகளில் இந்தக் கண்டிப்பு நல்லது என்றே நான் கருதுகிறேன்.

உரைக்குள் & குறியையும் < குறியையும் அப்படியே எழுதக்கூடாது; அவற்றின் யூனிகோடு எண்களைக் கொண்டு &#38; என்றும் &#60; என்றும் எழுதலாம். அகரத்தைக்கூட &#2949; என்று எழுத முடியும் என்றாலும், எல்லா யூனிகோடு எழுத்துகளையும் நேரடியாகவே வைக்கக்கூடிய யுடிஎஃப்-8 கோப்பில் அதற்குத் தேவையே இல்லை.

சிக்கல் பெரும்பாலும் மேப்பிங்கில், அதாவது ஒரு மென்பொருளின் செய்தியை இன்னொன்றுக்கு ஏற்றபடி மாற்றித்தரும் நிரலில்தான் முளைக்கிறது. பார்சர் படித்து முடித்தபின் மேப்பிங்கின் கைக்கு வருவது வெறும் & மட்டுமே; வெளியே எழுதும்போது சீரியலைசர் (தகவலை எக்ஸ்எம்எல்லாக எழுதும் நிரல்) அதைத் தானாகவே &#38; என்று மாற்றிவிடும். இடையில் புரோகிராமர் 'எதற்கும் இருக்கட்டும்' என்று தாமும் ஒருமுறை மாற்றிவைத்தால், சீரியலைசர் அதிலுள்ள & குறியை மறுபடி மாற்ற, அது &#38;#38; என்று ஆகி, மறுமுனையில் அச்சாகும் பில்லில் 'ஊசி &#38; நூல்' என்று நிற்கும்.

ஆனால் இரட்டை மாற்றம் எப்போதும் பிழை என்றில்லை. ஒரு எக்ஸ்எம்எல் செய்தி முழுவதும் இன்னொரு செய்திக்குள் வெறும் உரையாகச் செல்லும்போது, உள்ளே &#38; என்று இருப்பது வெளியுறையில் &#38;#38; என்றுதான் இருக்கவேண்டும், ஏனெனில் மறுமுனையில் இரண்டு முறை பார்சர் ஓடும். இதை அறியாமல் 'திருத்த' முனைபவர் சரியாக இருந்ததை உடைத்துவிடுகிறார். உள்ளிருக்கும் குறிகளைப் பார்சர் வெறும் உரையாகவே கொள்ளும் சிடேட்டா பகுதிக்குள் உள்செய்தியை வைப்பதும் ஒரு வழியே; ஆயினும் உள்ளே ]]> வந்தால் அந்தப் பகுதி அங்கேயே முடிந்துவிடும்.

அச்சில் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகளுக்கு இவை எதுவும் உதவாது. 32க்குக் கீழுள்ள எண்களில் 9, 10, 13 ஆகிய மூன்றை மட்டுமே எக்ஸ்எம்எல் 1.0 ஏற்கிறது. வேறொரு மென்பொருளிலிருந்து ஒட்டிய பொருள் விவரத்தில் 11 என்ற எண்ணுடைய குறி கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு வந்தால், அதை &#11; என்று எழுதினாலும் பார்சர் மறுக்கும். அதை நீக்குவதா, புதிய வரியாக மாற்றுவதா என்பதை மேப்பிங் எழுதுபவரே முடிவுசெய்யவேண்டும்.