வீட்டுச் சாக்கடை சிப்காட்டுக்குப் போவது எப்படி? மெட்ரோ வாட்டரின் கழிவுநீர் மறுபயன்பாட்டுத் திட்டம்

2019 கோடையில் சென்னையில் இருந்தவர்களுக்கு இந்தத் திட்டம் ஏன் வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரியும் காய்ந்து கிடக்க, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள், 50 வேகன், நடைக்கு 25 லட்சம் லிட்டர். அதே ஆண்டில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரைத் தொழிற்சாலைக்கு ஏற்ற தண்ணீராக மாற்றும் இரண்டு நிலையங்கள் ஓடத் தொடங்கின. ஒவ்வொன்றின் கொள்ளளவும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர். இரண்டும் முழுசாக ஓடினால் 9 கோடி லிட்டர், அதாவது அந்த ரயில் 36 நடை அடித்தால் வருகிற தண்ணீர். ரயில் வந்தது பெரிய செய்தியானது, இது அவ்வளவாகப் பேசப்படவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

திட்டம் எளிமையானது. தொழிற்சாலைக்குக் குடிநீர் தேவையில்லை. பாய்லருக்கும் கூலிங் டவருக்கும் கழுவுவதற்கும்தான் தண்ணீர் வேண்டும். அதற்கு ஏரித் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருப்பது என்ன நியாயம்? எனவே நகரம் தன் கழிவுநீரைச் சுத்தம் செய்து குழாயில் அனுப்பும், தொழிற்சாலை காசு கொடுத்து வாங்கும், அந்த அளவுக்கு ஏரித் தண்ணீர் வீடுகளுக்கு மிஞ்சும். கொடுங்கையூர் தண்ணீர் மணலி பக்கத்து ஆலைகளுக்கு, கோயம்பேட்டுத் தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சிப்காட் வளாகங்களுக்கு, அதாவது அரசுத் தொழிற்பேட்டைகளுக்கு.

இதில் புதுசு அளவுதான், யோசனை பழசு. மணலியில் உர ஆலையும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் 1990களின் தொடக்கத்திலேயே மெட்ரோ வாட்டரிடம் (சென்னையின் குடிநீர், கழிவுநீர் வாரியம்) கழிவுநீரை வாங்கித் தாங்களே சுத்தம் செய்து பயன்படுத்த ஆரம்பித்துவிட்டன. தண்ணீர் இல்லாமல் ஆலையை மூட வேண்டிய நிலைக்கு வந்தால் யாருக்கும் அருவருப்பு போய்விடும்.

சரி, சாக்கடைத் தண்ணீர் எப்படிப் பாய்லருக்குப் போகும்? வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்தில் நுண்ணுயிரிகள் கழிவைத் தின்று தீர்த்த பிறகு வெளிவரும் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருக்கும், முன்பெல்லாம் அதை அப்படியே கூவத்திலோ கால்வாயிலோ விட்டுவிடுவார்கள். இங்கே அதை மணல் வடிகட்டியில் விட்டு, அப்புறம் மிக நுண்ணிய துளை உள்ள சவ்வில் வடித்து, கடைசியாக ஆர்.ஓ. சவ்வில் அழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். ஆர்.ஓ. எதற்கு என்றால், உப்பை எடுக்க. போர் தண்ணீர் காய்ச்சுகிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக, சுரண்டினால் செதில் செதிலாக வருமே, அதேதான் பாய்லர் குழாய்க்குள்ளும் படியும். வீட்டில் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்துவிடலாம், ஆலையில் எரிபொருள் வீணாகும், குழாய் சூடேறி வெடிக்கவும் செய்யும். அதனால் இந்த ஆர்.ஓ. தண்ணீர் பல போர் தண்ணீரைவிட ஆலைக்கு நல்லது. இதை நிறைய நிறுவனத்தார் இன்னும் நம்புவதில்லை, சாக்கடை என்ற சொல்லிலேயே நின்றுவிடுகிறார்கள்.

ஆர்.ஓ.வில் எல்லாத் தண்ணீரும் வெளியே வராது. உள்ளே போவதில் கிட்டத்தட்ட கால் பங்கு, எல்லா உப்பையும் சுமந்துகொண்டு ஒதுங்கிவிடும். அந்த உப்பு நீர் எங்கே போகிறது என்று திட்டத்தை ஆதரிக்கிற நாமும் விடாமல் கேட்க வேண்டும்.

உங்களுக்கு ஆலை இருந்தால் முதல் வேலை, நாளுக்கு எவ்வளவு தண்ணீர், எந்த வேலைக்கு என்று பிரித்து எழுதுவது. குடிக்க, சமைக்க இந்தத் தண்ணீர் கிடையாது, அதற்குத் தனிக் குழாய் வேண்டும், இரண்டும் எங்கேயும் கலக்கக் கூடாது. சிப்காட்டுக்குள் இருப்பவர்கள் வளாக நிர்வாகத்திடம் கேளுங்கள், வெளியே இருப்பவர்கள் வாரியத்திடம். ஒப்பந்தத்தில் மூன்றை மட்டும் விடாதீர்கள்: தண்ணீரின் தர அளவுகள், நிலையம் பழுதானால் மாற்று என்ன, வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை எவ்வளவு. இந்த மூன்றாவதைப் பார்த்துத்தான் பலர் பின்வாங்குவார்கள். ஆனால் அது இல்லாவிட்டால் திட்டமே நிற்காது என்பது என் கருத்து, ஏனென்றால் நல்ல மழை பெய்த வருஷம் எல்லாரும் போருக்கும் லாரிக்கும் திரும்பிவிட்டால், வறண்ட வருஷத்துக்காகக் கட்டிய நிலையத்தை யார் காசில் ஓட்டுவது?

மற்ற ஊர்களிலும் இது நடக்கிறது. சூரத்தில் மாநகராட்சி 2014-இல் பம்ரோலி நிலையத்திலிருந்து நாளுக்கு 4 கோடி லிட்டர் வரை பாண்டேசரா சாயப்பட்டறைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. நாக்பூரின் கழிவுநீர் கோராடி அனல் மின் நிலையத்துக்குப் போகிறது, அதனால் ஊர் குடிக்கிற பெஞ்ச் அணையின் தண்ணீரில் மின் நிலையத்தின் பங்கு குறைகிறது. அனல் மின் நிலையங்களுக்கு இதைக் கட்டாயமாகவே ஆக்கியிருக்கிறார்கள். 2016-இல் திருத்தப்பட்ட மத்திய அரசின் மின் கட்டணக் கொள்கைப்படி, உள்ளாட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் அனல் மின் நிலையம், பழையதானாலும் சரி, அந்தத் தண்ணீரைத்தான் பயன்படுத்த வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு முதல் இடம். ஆகும் செலவை மின் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளலாம். மாற்றுத் தண்ணீரும் தயாராக வைத்துக்கொள்ளலாம். மற்ற பெரிய ஆலைகளுக்கும் இப்படித் தெளிவாக ஒரு விதி வந்தால் நன்றாக இருக்கும்.

ஆலை இல்லாத நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இந்த நிலையத்துக்கு மூலப்பொருள் நம் வீட்டுக் கழிவுநீர்தான். அதில் யாராவது பட்டறைக் கழிவையோ ரசாயனத்தையோ திருட்டுத்தனமாகக் கொட்டினால் நுண்ணுயிரிகள் செத்துப்போகும், ஆர்.ஓ. சவ்வு கெடும். மேன்ஹோலில் ராத்திரி லாரி நிறுத்திக் குழாய் விடுவதைப் பார்த்தால் உடனே வாரியத்தில் புகார் கொடுங்கள். அப்புறம் மொட்டை மாடி மழைநீர்க் குழாய். நிறைய வீடுகளில் அதைச் சாக்கடையோடு இணைத்துவிட்டிருக்கிறார்கள். ஐப்பசி மழையில் தெருவில் மேன்ஹோல் பொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம், சுத்திகரிப்பு நிலையத்துக்கும் தாங்க முடியாத வெள்ளம் போய்ச் சேரும். மாடியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு, கீழே அது மழைநீர்த் தொட்டிக்குள் விழுகிறதா, சாக்கடைச் சத்தம் கேட்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். சாக்கடைக்குப் போனால், ஐப்பசிக்கு முன்னாலேயே பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாயைத் தொட்டிக்குத் திருப்பிவிடுங்கள்.